அப்பத்தா இளைத்தபோது நாங்கள் கைதட்டினோம்

செமஸ்டர் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. போன பதிவு கிரிக்கெட், அதற்கு முந்தையது ஹாஸ்டல் சாம்பார். இந்த முறை கொஞ்சம் சீரியஸ். 'வயசானவங்க சாப்பாடா, அது நமக்கெதுக்கு, நாம இன்னும் யூத்து' என்று ஓடப் பார்ப்பவர்கள் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அப்பத்தாவோ, அம்மாச்சியோ, தாத்தாவோ இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர், கொல்லைப்புற வாசப்படியில் கால் தடுக்கி உட்கார்ந்தார். விழக்கூட இல்லை, சொத்தென்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், பிளேட்டு, ஒன்றரை லட்சத்துக்கு மேல் பில்லு, மூன்று மாதம் படுக்கை. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடக்கிறார்.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "வயசாயிருச்சுல்ல, எலும்பு தேஞ்சிருக்கும்." நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவருடைய பழைய சுகர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எடை 56 கிலோ. விழுவதற்கு ஒரு மாதம் முன்னால் 45 கிலோ. பதினோரு கிலோ! இது ஒரே நாளில் நடக்கவில்லை. எங்கள் கண் முன்னால்தான் நடந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கைதட்டினோம்.

"அப்பத்தா, ஸ்லிம்மாயிட்டீங்களே!" என்று கிண்டலடித்தது நான்தான். "வெயிட் குறைஞ்சா முட்டி வலி குறையும்த்தா, நல்லதுதான்" என்றது அத்தை. சுகர் பார்க்கும் டாக்டர் (பேர் வேண்டாம்) ஒருமுறை நோட்டைப் பார்த்து "வெரிகுட்" என்றார். அப்பத்தாவுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடும் இரண்டு தோசையை ஒன்றாக்கிவிட்டார்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். அறுபது எழுபது வயதைத் தாண்டியவர் தானாக இளைத்தால் அது பாராட்ட வேண்டிய விஷயம் இல்லை. உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய விஷயம்.

எடைக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

ஹாஸ்டலில் பிசியோதெரபி படிக்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் கொடுத்ததையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

எலும்பு என்பது சிமெண்ட் தூண் மாதிரி ஒருமுறை கட்டி விட்டுவிட்ட சமாச்சாரம் இல்லை. அது தினமும் ஒரு பக்கம் கரைந்து இன்னொரு பக்கம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. முப்பது வயது வாக்கில் அது உச்சத்தைத் தொடும். அதற்குப் பிறகு வரவைவிடச் செலவு மெல்ல மெல்லக் கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருஷத்தில் இந்தச் செலவு ரொம்ப வேகமாக இருக்கும்.

எலும்பை உறுதியாக வைத்திருப்பது அதன் மேல் விழும் பாரம். பாரம் இருக்கிற இடத்தில் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும், பாரம் குறைந்தால் சோம்பேறியாகிவிடும். ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். எடை குறைந்தால் பாரம் குறைகிறது. அதோடு, மாதவிடாய் நின்ற பிறகு பெண்கள் உடம்பில் கொஞ்சமாவது ஈஸ்ட்ரோஜன் உண்டாவது கொழுப்புத் திசுவில்தான். அதுவும் குறைகிறது. இடுப்பைச் சுற்றி மெத்தை மாதிரி இருந்த சதையும் போய்விடுகிறது. விழும்போது தரைக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் விட மோசம், வயதானவர் சாப்பாட்டைக் குறைத்து இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தசையும் சேர்ந்து கரைகிறது. தசை போனால் கால் தடுமாறும்போது சுதாரிக்க முடியாது. ஆக, விழும் வாய்ப்பும் கூடுகிறது, விழுந்தால் உடையும் வாய்ப்பும் கூடுகிறது.

2005-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 12 இடங்களில் நடந்த கணக்கெடுப்புகளைச் சேர்த்து, கிட்டத்தட்ட 60,000 பேருடைய விவரத்தை அலசினார்கள். பி.எம்.ஐ. 25 இருப்பவரோடு ஒப்பிட்டால், 20 இருப்பவருக்கு இடுப்பு எலும்பு முறியும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பத்தாவின் உயரம் 150 செ.மீ. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 56 கிலோவில் அவருடைய பி.எம்.ஐ. 24.9. 45 கிலோவில் சரியாக 20. நான் 'ஸ்லிம்' என்று சொல்லிச் சிரித்தது இந்தப் பயணத்தைப் பார்த்துத்தான்.

'அப்போ குண்டா இருந்தா நல்லதா?'

இல்லைங்க. இப்படி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும் :-) உடல் பருமன் எலும்புக்குக் கவசம் என்பதும் தப்பு. பருமனான பெண்களுக்குக் கணுக்கால் முறிவு போன்றவை அதிகமாக வருவதாக ஆய்வுகள் இருக்கின்றன. சுகர், பிபி, முட்டித் தேய்மானம் எல்லாம் தனிக்கதை. இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு, டெக்ஸா ஸ்கேனில் எலும்பு நன்றாக இருப்பதாகக் காட்டினாலும் முறிவு அபாயம் கூடுதல்தான். எடை குறைத்தே தீரவேண்டிய பெரியவர்களும் உண்டு.

கேள்வி எப்படிக் குறைப்பது என்பதுதான். 2011-ல் அமெரிக்காவில் பருமனான 107 முதியவர்களை வைத்து ஒரு வருஷம் ஒரு ஆய்வு நடந்தது. சிலர் சாப்பாட்டை மட்டும் குறைத்தார்கள், சிலர் உடற்பயிற்சி மட்டும் செய்தார்கள், சிலர் இரண்டையும் செய்தார்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களுக்குத்தான் தசையும் இடுப்பு எலும்பின் அடர்த்தியும் அதிகமாகக் குறைந்தன. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் அதே அளவு எடையைக் குறைத்தும் அவ்வளவு இழக்கவில்லை. உடல் திறனிலும் அவர்கள்தான் முதலிடம்.

நம் ஊரில் என்ன சொல்கிறோம்? "சோத்தைக் குறைங்க." முடிந்தது. குறைத்த சோற்றுக்குப் பதிலாக எதைச் சாப்பிடுவது, என்ன பயிற்சி செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அப்பத்தாவிடமும் யாரும் சொல்லவில்லை. அவர் குறைக்கச் சொன்னதைக் குறைத்தார், ரொம்ப ஒழுங்காக.

ஒரு நாள் கணக்கு

நான் கணக்குப் பாடத்தில் கொஞ்சம் பலவீனம்தான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டேன். விழுவதற்கு முந்தைய அப்பத்தாவின் சராசரி நாள் இது.

காலையில் இரண்டு இட்லி, சட்னி. இரண்டு வேளை காபி, மொத்தம் 150 மி.லி. பால் இருக்கும். மதியம் ஒரு கப் சாதம், ரசம், கொஞ்சம் பொரியல், நீர்த்த மோர். ராத்திரி ஒரு தோசை அல்லது ஒரு டம்ளர் கோதுமைக் கஞ்சி. வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் ஒரு வேளை விரதம்.

இதில் புரதம் கூட்டிப் பார்த்தால் 20 கிராம், தாராளமாகப் போட்டால் 25. முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. 45 கிலோவுக்கே 45 முதல் 54 கிராம். ஏறக்குறைய பாதிதான் வந்தது. கால்சியம் தேவை முதியவர்களுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட பட்டியல். அப்பத்தாவுக்குக் கிடைத்தது 300 சொச்சம். அரிசியில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

இவ்வளவுக்கும் எங்கள் வீடு பட்டினி கிடக்கிற வீடு இல்லை. வாரத்துக்கு நாலு நாள் முட்டை உண்டு. அப்பத்தா தட்டிலும் ஒரு முட்டை விழும். அடுத்த நிமிஷம் அது என் தட்டுக்கு வந்துவிடும். "எனக்கெதுக்குய்யா இந்த வயசுல? வளர்ற புள்ள நீ சாப்புடு." எனக்கு இருபது வயது. ஐந்தே முக்கால் அடி. இதற்கு மேல் நான் எங்கே வளர? ஆனாலும் சாப்பிட்டேன். ஒரு தடவைகூட வேண்டாமென்று சொன்ன ஞாபகம் இல்லை.

இந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன். உங்களில் எத்தனை பேர் தட்டில் அப்படி ஒரு முட்டை வந்து விழுகிறதோ, யோசித்துக்கொள்ளுங்கள்.

வயசானா கஞ்சி போதும்?

வயதானால் வேலை குறைவு, அதனால் சாப்பாடும் குறைவாகப் போதும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. 'லங்கணம் பரம ஔஷதம்' என்று வேறு சொல்லிவைத்திருக்கிறோம். பட்டினி ஒருவேளை அஜீரணத்துக்கு மருந்தாக இருக்கலாம், எழுபது வயது உடம்புக்கு மூன்று வருஷ மருந்தாக இருக்க முடியாது. உண்மை என்னவென்றால், கலோரி தேவை கொஞ்சம் குறையும், ஆனால் புரதத் தேவை குறையாது. வயதான தசை, சாப்பிட்ட புரதத்தை இளம் தசை மாதிரிச் சுறுசுறுப்பாகப் பயன்படுத்துவதில்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது.

பல் இல்லாததும் ஒரு காரணம். சுண்டலும் கறியும் மெல்ல முடியாதவர் கஞ்சிக்கு மாறுகிறார். பல்செட்டு லூசாகிவிட்டது என்று அப்பத்தா சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போனோம். இப்போது நினைத்தால், அந்தப் பல்செட்டை அன்றே சரிசெய்திருந்தால் எலும்புக்குச் செய்த வைத்தியமாக இருந்திருக்கும்.

சாப்பாட்டை மாற்றினால் நிஜமாகவே எலும்பு முறிவு குறையுமா? ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில், 7,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டு வருஷம் பார்த்தார்கள். முடிவு 2021-ல் வெளியானது. பாதி இல்லங்களில் வழக்கமான சாப்பாடு. மீதிப் பாதியில் கூடுதலாகப் பால், தயிர், சீஸ். மாத்திரை எதுவும் இல்லை. கூடுதல் பால் தயிர் கிடைத்த இல்லங்களில் எலும்பு முறிவுகள் 33 சதவீதம் குறைந்தன. இடுப்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. விழுவதே 11 சதவீதம் குறைந்தது. (இறப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) அவர்களுக்கு விட்டமின் டி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது, கால்சியமும் புரதமும்தான் குறைவு. அதைத் தட்டிலேயே சரிசெய்தார்கள்.

பால் பிடிக்காதவர்களுக்கு நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். முருங்கைக் கீரையிலும் நூறு கிராமுக்கு முந்நூறுக்கு மேல். எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். முள்ளோடு தின்னும் நெத்திலியும் நல்லது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். புரதத்துக்கு முட்டை (ஒன்றில் 6 கிராம்), மீன், வேகவைத்து மசித்த பயறு, கெட்டியான பருப்பு. ரசத்துக்கு மேலே மிதக்கும் பருப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்!

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சேர்த்த கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விட்டமின் டி வேண்டும். வெயில் கொளுத்துகிற நம் ஊரிலேயே நிறைய பேருக்கு அது குறைவு, ஏனென்றால் பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். விடியற்காலை இளவெயிலில் தோலில் விட்டமின் டி உருவாக்கும் கதிர் மிகக் குறைவு. கொஞ்சம் உச்சிக்கு ஏறிய வெயிலில் சிறிது நேரம் கை கால் படும்படி உட்கார்ந்தால் பலன் உண்டு. மாத்திரை தேவையா என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும். ஆரோக்கியமாக இருப்பவர் எல்லோரும் விட்டமின் டி மாத்திரை விழுங்கினால் எலும்பு முறிவு குறையும் என்பதற்கு ஆதாரமில்லை. 25,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022-ல் அதைத்தான் சொன்னது.

தட்டு மட்டும் போதாது

நல்லா சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் எலும்புக்குப் பாரம் எங்கிருந்து வரும்? 1990-ல் பாஸ்டனில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியவர்களுக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! 'இனிமே என்ன இருக்கு' என்று சொல்ல நாம் யார்?

எங்கள் வீட்டில் இப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி அப்பத்தா நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகுகிறார். முதல் நாள் ஒன்றுகூட முடியவில்லை. நேற்று நாலு.

நாம் என்ன செய்யலாம்?

அங்கன்வாடியில் குழந்தைக்கு மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். கோடு கீழே இறங்கினால் அந்த அக்கா பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டு விசாரிப்பார். அதே தெருவில் ஒரு தாத்தாவின் எடை பத்து கிலோ இறங்கினால் யாரும் பதறுவதில்லை. 2017-18-ல் நடந்த தேசிய அளவிலான முதியோர் ஆய்வின்படி நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் எடை குறைவானவர்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகர், பிபி மாத்திரை கொடுக்கிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. நல்ல திட்டம். அப்படி வரும்போது பெரியவர்களின் எடையையும் தவறாமல் எழுதி, போன முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆறு மாதம், ஒரு வருஷத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை காரணமில்லாமல் குறைந்தால் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். சாப்பாட்டுக் குறைவு மட்டுமில்லை, கட்டுப்படாத சுகர், தைராய்டு, காசநோய், புற்றுநோய் என்று எதுவும் பின்னால் இருக்கலாம்.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். நாம் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களை எடை மெஷினில் நிற்க வையுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். சுவரோடு நிற்க வைத்து உயரமும் அளந்துகொள்ளுங்கள். இளமையில் இருந்த உயரத்தைவிட நாலு செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கியிருக்கலாம். கூன் விழுவதை நாம் வயசுக் கணக்கில் எழுதிவிடுகிறோம், பல சமயம் அது எலும்பு முறிவுக் கணக்கு. பிறகு, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் கூடவே உட்கார்ந்து பாருங்கள். சமைத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் எழுபது வயதிலும் நம் வீட்டுப் பெண்களை விடுவதில்லை.

நேற்று மதியம் முட்டைக் குழம்பு. பழக்க தோஷம், அப்பத்தா கை முட்டையோடு என் தட்டுப் பக்கம் வந்தது. திருப்பி அவர் தட்டிலேயே வைத்தேன். "அடப் போய்யா" என்று கோபித்துக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைய எடை 47 கிலோ 200 கிராம். நோட்டில் எழுதியாகிவிட்டது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சாதா இன்ஜினியரிங் மாணவன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதம் கூட்டுவது ஆபத்து, சுகர் உள்ளவர்களுக்கு அளவு முக்கியம். எதை மாற்றினாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். நான் சொன்னதில் தப்பிருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம். அதற்கு முன்னால் அப்பத்தாவுக்கு ஒரு போன் போட்டு, 'இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?' என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். 'ஏதோ சாப்பிட்டேன்யா' என்று பதில் வந்தால், என்னென்ன என்று விடாமல் கேளுங்கள்.